கறிவேப்பிலைத் தொட்டி முதல் கிரில் கம்பி வரை: வடசென்னை மாடியில் பட்டாம்பூச்சிப் புழுவையும் கூட்டையும் கண்டுபிடித்துக் காப்பது எப்படி?

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மொட்டைமாடியில் பதினெட்டுத் தொட்டிகள், அதில் ஆறு பழைய பெயிண்ட் டப்பா. ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்க ஆயாதான் காலையில் மேலே போவார். திரும்பி வரும்போது, "காக்கா எச்சம் போட்டு வெச்சிருக்கு, அந்த இலையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டேன்" என்பார். பல வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் ஆயாவுக்கு முழங்கால் வலி, நான் பறிக்கப் போனேன். எச்சம் இருந்த இலையை விரலால் சுண்டினேன். எச்சம் தலையைத் தூக்கி, பிடரியிலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கொம்பை நீட்டியது. அழுகிய எலுமிச்சை நாற்றம் மூக்கில் ஏறியது.

அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. இத்தனை நாள் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: புழுவைக் காப்பாற்றுவது பெரிய வேலை இல்லை, செடிக்கு மருந்தடிக்காமல் இருந்தாலே முக்கால்வாசி முடிந்துவிடும். நம் கையால் அதிகம் சாவது கூட்டுப்புழுதான். அது செடியை விட்டு இறங்கி ஜன்னல் கிரில்லிலும் தண்ணீர் டேங்க் அடியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். நாம் ஒட்டடைக் கோலால் ஒரே இழுப்பில் இழுத்துவிடுவோம். அதனால் கீழே கூட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

1. புழுவைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள்

பட்டாம்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். ஆனால் அதன் புழு குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தின்னும். தாய்ப் பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கவனித்தால் தெரியும். அதற்கு நாக்கு காலில் இருக்கிறது. சரியான இலை என்று தெரிந்த பிறகுதான் முட்டை வைக்கும். அதனால் செடியின் பெயர் தெரிந்தால் புழுவின் பெயர் பாதி தெரிந்த மாதிரி.

காலை எட்டு மணிக்குள் பாருங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்று அடையாளம் போதும். ஒன்று, ஓரத்திலிருந்து வளைவாகக் கடித்த இலை. இரண்டு, கீழ் இலையிலோ தொட்டி மண்ணிலோ கிடக்கும் எச்சம். சின்னப் புழு என்றால் கசகசா அளவு, வளர்ந்தது என்றால் மிளகு அளவு. எச்சம் பச்சையாக, ஈரமாக இருந்தால் புழு நேர் மேலே எங்கேயோ இருக்கிறது. மூன்று, முட்டை. எலுமிச்சை வகைத் துளிரில் வெளிர்மஞ்சளாக உருண்டையாக ஒற்றை முட்டை இருக்கும். எருக்கிலையின் அடியில் வெள்ளையாக, கொஞ்சம் கூராக, நிற்க வைத்த மாதிரி இருக்கும்.

மழைக்காலம் தொடங்கும் ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் பக்கம் புழு அதிகம். சித்திரை வைகாசி வெயிலில் குறைவு. அப்போது ஒன்றும் காணவில்லை என்று செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

2. எந்தச் செடியில் என்ன புழு

*கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம்.* இங்கே வருபவை பெரும்பாலும் இரண்டு: லைம் பட்டர்ஃபிளை, காமன் மார்மன். இரண்டின் புழுவும் சின்ன வயதில் எச்ச வேஷம் போடும். கருப்பும் பழுப்புமாய் நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரப் பளபளப்பு. காக்காகூடத் தன்னுடையதோ என்று ஏமாறும். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்ததும் வேஷம் கலைந்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். பக்கவாட்டில் சாய்வாகப் பழுப்புப் பட்டை, முன்பக்கம் இரண்டு பெரிய கண் மாதிரி புள்ளி. அது கண் இல்லை. நிஜத் தலை அதற்கும் கீழே, குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும்.

இரண்டையும் பிரிப்பது சிரமம். கொம்பின் நிறத்தைப் பாருங்கள்: லைமுக்கு ஆரஞ்சு, மார்மனுக்குக் கருஞ்சிவப்பு. ஆனால் அதைப் பார்ப்பதற்காகப் புழுவைத் திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம். என்ன பூச்சி என்று வெளியே வரும் அன்று தெரிந்துவிட்டுப் போகிறது.

*எருக்கு.* கொருக்குப்பேட்டை ரயில்பாதை ஓரம், பக்கிங்காம் கால்வாய்க் கரை, காலி மனை என்று எருக்கு நம் பக்கத்தில் எங்கும் முளைக்கிறது. அதில் இருப்பது பிளெய்ன் டைகர், தமிழில் வெந்தய வரியன். இந்தப் புழுவைத் தவறவிடவே முடியாது: கருப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாக, முதுகில் மூன்று ஜோடிக் கருப்பு இழை. ஒளிந்துகொள்வது அதன் பழக்கமே இல்லை. எருக்கம்பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால், தின்ற பறவை இரண்டாம் முறை தொடாது. அது சாப்பிடுவதை ஒரு தடவை நின்று பாருங்கள். முதலில் நடு நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். பால் வரத்து குறைந்த பிறகுதான் அந்த நரம்புக்கு அப்பால் உள்ள பகுதியை மேயும். நமக்கு அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று. விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் இந்தச் செடிகளை மொட்டையடித்துவிடுவார்கள், மாலைக்காக. பூவோடு இலையும் வரும், இலையோடு புழுவும் வரும். எங்கள் வீட்டுப் பிள்ளையார் கழுத்தில் ஒரு வருஷம் இரண்டு புழு இருந்தது. பூஜை முடியும் வரை பொறுத்து, காலி மனையில் இருந்த எருக்கில் கொண்டுபோய் விட்டேன்.

*அரளி.* காமன் குரோ. செம்பழுப்பு உடம்பில் வெள்ளை வரிகள், நான்கு ஜோடி இழை. எருக்கில் மூன்று, அரளியில் நான்கு என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இதன் கூட்டைப் பார்த்தால் வெள்ளிக் குண்டுமணி தொங்குகிறதோ என்று தோன்றும். கண்ணாடி மாதிரி உங்கள் முகமே தெரியும்.

*ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி.* கிரிம்சன் ரோஸ். கருத்த உடம்பில் சதைப்பற்றான சிவப்பு முட்கள், குத்தாது. இந்தச் செடிகளை மருந்து என்று யாராவது அரைத்துத் தரச் சொன்னால் கேட்காதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் அதில் இருக்கிறது. பட்டாம்பூச்சிக்காக மட்டும் ஒரு தொட்டியில் ஏற்றிவிடலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கொன்றையிலும் ஆவாரையிலும் பச்சைப் புழு, பக்கத்தில் வெளிர்கோடு: எமிகிரன்ட் வகை. நெட்டிலிங்கத்திலும் சீத்தாவிலும் டெய்ல்டு ஜே. ஆமணக்கில் முள்முள்ளாகக் காமன் காஸ்டர். மாமரத்தில் பேரன் (Baron) என்ற பட்டாம்பூச்சியின் புழு, நடு நரம்பின்மேல் படுத்து, பக்கமெல்லாம் இறகு மாதிரி முட்களை விரித்திருக்கும், பத்து முறை பார்த்தாலும் இலை என்றே தோன்றும். தொட்டியில் களையாக முளைக்கும் பருப்புக்கீரையில் கருப்பு முள் புழு இருந்தால் டானெய்டு எக்ஃபிளை ஆக இருக்கலாம், அந்தக் கீரையைப் பிடுங்காதீர்கள். ரணகள்ளி, அதாவது 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' செடியில் புழு வெளியே தெரியாது. ரெட் பியரோவின் புழு தடித்த இலைக்கு உள்ளேயே சுரங்கம் போட்டுத் தின்னும்; இலை வெளிறி உள்ளே கருப்பு எச்சம் தெரிந்தால் அதுதான்.

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-இல் அறிவித்த தமிழ் மறவன் மாடிக்கு வருமா என்று எதிர்வீட்டுப் பையன் கேட்டான். வராது. அது மலைக்காட்டுப் பூச்சி.

3. பட்டாம்பூச்சிப் புழுதானா?

உடம்பு முழுக்க மயிர் அடர்ந்திருந்தால் தொடாதீர்கள். முருங்கை மரத்தில் மழை விட்டதும் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சி அந்துப்பூச்சியின் புழு. பட்டால் அரிப்பும் தடிப்பும்தான். தென்னை, மா இலைகளில் பச்சையாக அட்டை மாதிரி ஒட்டி நகரும் ஒரு முள் புழு உண்டு, அது இன்னும் மோசமாகக் கொட்டும்.

நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழு, வாலில் ஒரு சின்னக் கொம்பு, கழுத்தருகே நீலக் கண் மாதிரி வட்டம். இதைப் பட்டாம்பூச்சிப் புழு என்று எனக்கு வருஷா வருஷம் யாராவது படம் அனுப்புகிறார்கள். இது ஓலியாண்டர் ஹாக்மாத் என்ற அந்துப்பூச்சி. அரளியிலும் வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள். ஆனால் இது கிரில்லில் கூடு தொங்கவிடாது, கீழே இறங்கிச் சருகிலும் மண்ணிலும் கூட்டுப்புழு ஆகும். அதனால் அந்தத் தொட்டியின் மண்ணைக் கொத்திவிடாதீர்கள்.

4. விட்டுவிடுவதா, உள்ளே எடுப்பதா?

என் முதல் பதில்: விட்டுவிடுங்கள். பத்து முட்டையில் பத்தும் பட்டாம்பூச்சி ஆவதாக இயற்கையில் கணக்கே இல்லை. தையல்சிட்டுக்கும் ஓணானுக்கும் குளவிக்கும் அதில் பங்கு உண்டு.

நான் உள்ளே எடுப்பது மூன்று சந்தர்ப்பத்தில்தான். செடி சின்னது, இலை தீர்ந்துவிட்டது. அல்லது புயல் வருகிறது. அல்லது பிள்ளைகள் ஒரு தடவையாவது முழுதாகப் பார்க்க வேண்டும்.

இலை தீரும் பிரச்சினைதான் வீட்டில் சண்டையாகும். கடைசிப் பருவத்துப் புழு தின்னும் வேகம் சாமானியமில்லை. முழங்கால் உயரக் கறிவேப்பிலைச் செடி இரண்டு புழுவைத் தாங்கும், ஐந்து என்றால் குச்சிதான் மிஞ்சும். நாங்கள் செய்த சமரசம்: மாடியில் இரண்டு செடி, ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. ரசத்துச் செடியில் புழு தெரிந்தால் ஆயா இப்போது கிள்ளிப் போடுவதில்லை. "உன் எச்சம் வந்திருக்கு, வந்து எடுத்துக்கினு போ" என்று குரல் கொடுக்கிறார். தின்று தீர்த்த செடியும் செத்துவிடாது. நுனியை வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் புதுத் துளிர் வெடித்துவிடும், முன்பைவிடக் கிளையோடு.

புழுவை இடம் மாற்றும்போது பிடித்து இழுக்கக் கூடாது. கால்களாலும் பட்டு நூலாலும் இலையைப் பற்றியிருக்கும், இழுத்தால் கால் கிழியும். அது உட்கார்ந்திருக்கும் இலையோடு வெட்டி, புதுச் செடியில் துணிக் கிளிப் போட்டு மாட்டுங்கள். தானாக ஏறிக்கொள்ளும். ஒரே இடத்தில் அசையாமல், தின்னாமல், தலை கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தால் தோலுரிக்கப் போகிறது. அந்த ஒரு நாள் தொடவே வேண்டாம்.

5. டப்பாவில் வளர்த்தால்

பிரியாணி பார்சல் வரும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவே போதும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டில் கட்டுங்கள். அதைவிட நல்லது, சாப்பாட்டை மூட வைக்கும் மடக்கு வலைக்கூடை. உயரம் இருப்பதால் கூடு கட்டவும் வசதி. அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். எச்சம் ஈரத்தில் ஊறினால் பூஞ்சை பிடிக்கும், புழு தளர்ந்து கருத்து நீராகிவிடும். அப்படி ஒன்று செத்தால் அந்த டப்பாவைச் சோப்பில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும்.

கிளையைச் சின்னத் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தால் இரண்டு நாள் வாடாது. பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். காலையில் புழு தண்ணீருக்குள் கிடந்தது.

புழு எந்தச் செடியில் பிறந்ததோ அதே செடியின் இலையே கொடுங்கள், அதுவும் வீட்டுச் செடியிலிருந்து. மார்க்கெட் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், மருந்தடித்ததாக இருந்தால் கழுவினாலும் போகாது. சாலையோர எருக்கிலை என்றால் தூசி போகக் கழுவி, ஈரம் துடைத்துப் போடுங்கள். தண்ணீர் தனியாக வைக்க வேண்டாம், இலையில் இருப்பதே போதும். டப்பாவை வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும்.

முட்டை பொரிக்க மூன்று நான்கு நாள், புழுவாக இரண்டு வாரம் முன்பின், கூட்டுக்குள் ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாள். எங்கள் ஊர் வெப்பத்தில் இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மார்கழியில் கொஞ்சம் இழுக்கும். சில கூடு இரண்டு வாரம் தாண்டியும் திறக்கும், அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்.

6. செடியை விட்டு இறங்கும் நாள்

தின்றுகொண்டே இருந்த புழு திடீரென்று நிறுத்திவிட்டு, தண்ணியாக ஒரு எச்சம் போட்டுவிட்டு, வேகமாக நடக்க ஆரம்பித்தால் அதற்கு நேரம் வந்துவிட்டது. உடம்பும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். இந்த நடையில்தான் பலரும் "புழு காணாமப் போச்சு, காக்கா தூக்கினு போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவது. எங்கள் மாடியில் நான் கூடு கண்ட இடங்கள்: கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், டேங்க் அடிப்பலகை, பழைய ஏசி ஸ்டாண்டு, துடைப்பத்தின் குச்சி, துணிக்கொடியின் முடிச்சு, ஒரு தடவை கழற்றிப்போட்ட ஹெல்மெட்டின் உள்ளே. செடியிலிருந்து எட்டடி தூரம்கூட நடந்திருக்கிறது.

அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து காய்ந்த குச்சிகளைச் சாய்வாக நட்டு வையுங்கள். பாதிப் புழுக்கள் அதிலேயே ஏறிவிடும். மாடியில் யாரும் அந்த நேரம் வெறுங்காலில் அவசரமாக நடக்காமல் இருப்பதும் நல்லது.

7. கூட்டை அடையாளம் காண்பது

இரண்டு பாணி. எலுமிச்சை வகை, எமிகிரன்ட் வகை எல்லாம் வாலை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் கட்டிக்கொண்டு, தலை மேலே பார்க்கச் சாய்ந்திருக்கும். மின்கம்பத்தில் ஏறியவர் இடுப்பு வாரில் சாய்ந்து நின்று வேலை பார்ப்பாரே, அதே சாய்வு. எருக்கு, அரளிப் புழுக்கள் வாலை மட்டும் ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். முதலில் ஆங்கில 'J' மாதிரி வளைந்து தொங்கும். ஒரு நாளில் பிடரித் தோல் வெடித்து, உள்ளேயிருந்து பச்சைக் கூடு நெளிந்து நெளிந்து தோலை மேலே தள்ளிக் கழற்றிவிடும். இரண்டு மூன்று நிமிஷ வேலை. சட்டையைக் கழற்றும் குழந்தை மாதிரி கடைசியில் ஒரு உதறு உதறும்.

லைம், மார்மன் கூடு பச்சை இலை நடுவில் என்றால் பச்சையாகவும், காய்ந்த குச்சி, சுவர் என்றால் பழுப்பாகவும் அமைவது வழக்கம். கிரில்லில் பழுப்பாக இருக்கும் கூட்டைச் செத்தது என்று நினைக்காதீர்கள். பிளெய்ன் டைகர் கூடு பச்சையாகவோ வெளிர் ரோஸாகவோ, தங்கப் புள்ளி வைத்தாற்போல் இருக்கும். எமிகிரன்ட் கூடு சுருட்டிய இலைதான், முன்னால் ஒரு கூர்மூக்கு.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க லேசாக ஊதினால் போதும், பெரும்பாலும் அடிப்பகுதி ஒரு தரம் நெளியும். நெளியாவிட்டாலும் செத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலுரித்த முதல் நாள் மட்டும் ஊதவும் வேண்டாம், அப்போது அது வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், விரல் பட்டால் குழி விழும்.

8. விழுந்த கூடு

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டி கவிழ்ந்து கிளை முறிந்தது. அதில் ஒரு கூடு. தெருவில் தண்ணீர், வீட்டில் கரண்ட் இல்லை. கிளையோடு உள்ளே எடுத்து வந்து சமையலறை ஜன்னல் கம்பியில், இருந்த அதே சாய்வில் நூலால் கட்டினேன். கரண்ட் வந்த பிறகும் நாலு நாள் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் காலை அம்மா காபி கலக்கும்போது ஒரு மார்மன் ஆண் ஜன்னலில் இறக்கையை விரித்துக்கொண்டிருந்தது.

குச்சியோடு விழுந்தால் குச்சியைக் கட்டுவதுதான் சுலபம். கூடு மட்டும் தனியாக விழுந்தால்:

இடுப்பு நூல் வகைக்கு, சுண்டல் பொட்டலம் மாதிரி காகிதத்தில் சின்னக் கூம்பு சுற்றுங்கள். கூட்டின் வால்பக்கம் உள்ளே, தலை மேலே; பாதி உடம்பு வெளியே நிற்க வேண்டும். கூம்பைச் சொரசொரப்பான அட்டையில் ஒட்டி நிற்க வைத்துவிடுங்கள். வெளியே வரும் பூச்சி அட்டையைப் பிடித்து ஏறும். வழவழப்பான கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ வைத்தால் சறுக்கி விழும்.

தொங்கும் வகைக்கு, வால் நுனியில் பட்டு நூல் மிச்சம் ஒட்டியிருந்தால் அந்த நூலில் மட்டும் தையல் நூலை முடிந்து தொங்கவிடலாம். கூட்டுக்குள் ஊசி போகக் கூடாது. சுற்றிலும் ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும். இரண்டும் முடியாதென்றால் துணி விரித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் சாக்குத் துணி ஒன்றைச் சுவர் மாதிரி தொங்கவிடுங்கள்.

9. வெளியே வரும் காலை

முந்தின ராத்திரி கூடு கருத்து, தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இறக்கையின் கோலம் தெரியும். பெரும்பாலும் காலையில்தான் வெளியே வரும். இறக்கை கசங்கிய கைக்குட்டை மாதிரி இருக்கும். தொங்கிக்கொண்டே உடம்பு நீரை இறக்கை நரம்புக்குள் செலுத்தி விரிக்கும். அது காய்ந்து இறுகக் குறைந்தது ஒரு மணி நேரம், பலசமயம் இன்னும் கூட ஆகும். அந்த நேரம் போட்டோவுக்காகக் கையில் ஏற்றாதீர்கள். கீழே செந்நிறச் சொட்டு விழும். ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

விழுந்துவிட்டால் மட்டும் உடனே ஒரு குச்சியை நீட்டி ஏறவிடுங்கள். தரையிலேயே காய்ந்தால் இறக்கை அப்படியே மடங்கி இறுகிவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. மழை கொட்டினால் மறுநாள் வரை உள்ளேயே இருக்கட்டும், பசியில் சாகாது.

10. குளவி, ஈ, எறும்பு

புழுவின் பக்கத்தில் அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது முட்டை இல்லை; உடம்புக்குள்ளேயே வளர்ந்து வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடு. புழு பிழைக்காது. கூட்டிலிருந்து வெள்ளை நூல் தொங்கி, அடியில் புழு நெளிந்தால் ஈ வைத்த முட்டை. கூட்டில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் பொடிக் குளவிகள் தின்று வெளியேறிவிட்டன. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வராத குறை. இப்போது குளவியைக் கொல்வதில்லை, கத்திரிச் செடிக்கும் வெண்டைச் செடிக்கும் அதே கூட்டம்தான் காவல். காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் முட்டையாக இருக்கும்போதே உள்ளே எடுத்துவிடுவது ஒன்றே வழி.

எறும்பு முட்டையையும் சின்னப் புழுவையும் தூக்கும். தொட்டியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கல் வைத்து அதன்மேல் நிறுத்தினால் போதும், கொசு வராமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். எறும்பு சாக்பீஸ் கோடு போடாதீர்கள், இறங்கி நடக்கும் புழு அதில்தான் மிதிக்கும். இதில் ஒரு விதிவிலக்கு: அவரை, காராமணிப் பூவில் பச்சையாகக் குட்டைப் புழு இருந்து அதைச் சுற்றி எறும்பு மொய்த்தால் கலைக்காதீர்கள். அது பீ ப்ளூ. புழு இனிப்புச் சாறு கொடுக்கும், எறும்பு காவல் காக்கும்.

11. மருந்து, புகை, பெயிண்ட்

'இயற்கை மருந்துதானே' என்று வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் அதிகம். வேம்பு புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பையும் தடுக்கும். பி.டி. என்ற பாக்டீரியாப் பொடி இன்னும் நேரடி, புழுக்களைக் கொல்லவே அது இருக்கிறது. காய்ப்புழு எது, பட்டாம்பூச்சிப் புழு எது என்று அதற்குத் தெரியாது. காய்கறித் தொட்டிக்கு அடித்தே ஆக வேண்டுமென்றால் காற்று இல்லாத நேரத்தில், புழுச் செடிகளைத் தள்ளி வைத்துவிட்டு அடியுங்கள்.

புதுச் செடி வாங்கும்போது கவனம். ஒரு நர்சரியில் வாங்கிய எலுமிச்சைக் கன்றில் மூன்றாம் நாளே பூச்சி முட்டை வைத்தது, ஐந்து புழுவும் ஒரே நாளில் பச்சையாக வாந்தி எடுத்துச் செத்தன. வேர் வழியாக ஏறும் மருந்து இலைக்குள் வாரக்கணக்கில் தங்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் புதுக் கன்றைக் கொசுவலையில் மூடி இரண்டு மாதம் ஓரமாக வைக்கிறேன். வாங்கும்போதே இருந்த பழைய இலையையும் கிள்ளிவிடுகிறேன்.

கொசுப் புகை அடிக்க வரும் சத்தம் தெருமுனையில் கேட்டதும் டப்பாவை உள்ளே எடுத்து ஜன்னலை மூடுங்கள். மாடிச் செடிமேல் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, புகை கலைந்ததும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் போகி. மழைக்காலப் புழுக்களில் ஒரு கூட்டம் மார்கழியில் கூடு கட்டியிருக்கும் நேரம் பார்த்துத்தான் நாம் ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பழைய குச்சி கூடையெல்லாம் எரிக்கிறோம். கோலை எடுக்கும் முன் டார்ச் அடித்துக் கிரில்லின் உள்பக்கம், ஷேடின் அடி, டேங்க் ஸ்டாண்டு எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தைச் சுற்றி எழுதும் சாக்பீஸில் வட்டம் போட்டு, தினசரி காலண்டரில் தேதியும் குறித்து வைத்தால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

போன வருஷம் பெயிண்டர் அண்ணனிடம் அந்த வட்டத்தைக் காட்டி, "ண்ணா, இத மட்டும் விட்டுடுங்க, ஒரு வாரத்துல பறந்துடும்" என்றேன். சிரித்தார். ஆனால் சின்ன பிரஷ் எடுத்துச் சுற்றிலும் நிதானமாக அடித்தார். வாசனை போகிற வரை ஒரு அட்டையையும் அதன்முன் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். கூடு ஒன்பதாம் நாள் திறந்தது. சாம்பல் கிரில்லில் ஒரு ரூபாய் அளவுக்குப் பழைய பச்சை இன்னும் அப்படியே இருக்கிறது.